கொலிமா நாய்: சுடுமண் உருவத்தின் பொருளும், வாங்குமுன் அறிய வேண்டியவையும்

கேள்வி: மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் பணிபுரிகிறேன். இங்குள்ள பழம்பொருள் கடை ஒன்றில் செந்நிறத்தில் பளபளக்கும் கொழுத்த நாய் உருவம் ஒன்றைக் கண்டேன். இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையானது, வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்கிறார் கடைக்காரர். இதன் உண்மையான பொருள் என்ன? அசலா என்று எப்படி அறிவது? ஊருக்குக் கொண்டு வரலாமா?

பதில்: நீங்கள் கண்டது கொலிமா நாய் எனப்படும் வகையைச் சேர்ந்த உருவம். மேற்கு மெக்சிகோவின் கொலிமா, ஹலிஸ்கோ, நயரித் பகுதிகளில் ஏறத்தாழ கி.மு. 300 முதல் கி.பி. 300 வரை வாழ்ந்த மக்கள், கிணறு போலச் செங்குத்தாகக் குழி தோண்டி, அதன் அடியில் பக்கவாட்டில் அறை குடைந்து இறந்தோரைக் கிடத்தினர். அவர்களுடன் வைக்கப்பட்ட சுடுமண் உருவங்களில் இந்த நாய்களே உலகெங்கும் பெயர் பெற்றவை. உள்ளே வெற்றிடமாக வனைந்து, செங்காவிக் குழம்பு பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய பின்னரே அவற்றைச் சுட்டனர். குட்டைக் கால்கள், உருண்ட வயிறு, விறைத்த காதுகள் ஆகியவற்றோடு, பலவற்றில் தலையிலோ வாலிலோ கலத்தின் வாய் போன்ற திறப்பும் இருக்கும். சில நாய்கள் வாயில் மக்காச்சோளக் கதிரைக் கவ்வியிருக்கும். அரிதாக ஒன்றிரண்டு மனித முகமூடி அணிந்திருக்கும்.

இதன் பொருளை விளக்குவோர் பெரும்பாலும், ஸ்பானியர் வந்தபோது மத்திய மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் மக்களின் நம்பிக்கை ஒன்றையே சுட்டுவர். இறந்தவர் மிக்த்லான் என்னும் கீழுலகுக்குச் செல்லும் வழியில் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும் என்றும், அவரை நாய் ஒன்று சுமந்து கரை சேர்க்கும் என்றும், 16-ஆம் நூற்றாண்டில் பெர்னார்தினோ தெ சாகுன் என்னும் ஸ்பானியத் துறவி பதிவு செய்தார். கொலிமா நாயும் அத்தகைய வழித்துணையே என்பது ஏற்கத்தக்க கருத்துதான். ஆயினும் இந்த உருவங்களுக்கும் அஸ்டெக் மக்களுக்கும் இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு என்பதை மறக்கலாகாது. மேலும், மெசோ அமெரிக்கா எனப்படும், மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் சார்ந்த பண்டைய பண்பாட்டுப் பகுதியில் நாய்களைக் கொழுக்க வளர்த்து விருந்துகளில் உண்ணும் வழக்கமும் இருந்தது. அந்த உருண்ட வயிறும் வாயிலுள்ள கதிரும் இவ்வழக்கத்தையே நினைவூட்டுகின்றன. மறுமைக்கான துணையாகவும் உணவாகவும் நாய் ஒருங்கே கருதப்பட்டது என்றே நான் கொள்கிறேன். செல்வம் சேரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அது விற்பனைக்காகச் சொல்லப்படுவது.

அசலா என்ற கேள்வி கடினமானது. ஈரக் கல்லறையில் நெடுங்காலம் கிடந்த உருவங்களின் மேல் மாங்கனீசு படிந்து கரும்புள்ளிகள் தோன்றும். வாங்குவோர் இவற்றைத்தான் முதலில் தேடுகிறார்கள் என்பதை அறிந்த போலி செய்வோர் புள்ளிகளைத் தீட்டி வைக்கிறார்கள். வெப்ப ஒளிர்வுச் சோதனை களிமண் கடைசியாகச் சுடப்பட்ட காலத்தைத் தோராயமாகக் காட்டும். ஆனால் பழைய ஓட்டுத் துண்டுகளை ஒட்டிப் புதிய உருவம் செய்திருந்தால், மாதிரி எடுத்த இடத்தைப் பொறுத்து அதுவும் ஏமாறும். நிபுணர்களின் கண்ணும் தவறுவதுண்டு. வெராக்ரூஸ் பகுதியின் பிரிஹிதோ லாரா என்னும் கலைஞர் 1974-இல் தொல்பொருள் திருட்டுக் குற்றச்சாட்டில் சிறைப்பட்டார். அவரிடமிருந்து கைப்பற்றியவை பழம்பொருள்களே என்று வல்லுநர்கள் சான்றளித்தனர். அவரோ சிறைக்குள் களிமண் வரவழைத்து, அதேபோன்ற உருவங்களைத் தம் கையால் செய்து காட்டி விடுதலை பெற்றார். பின்னர் ஹலாப்பா அருங்காட்சியகத்தில் பணியாற்றினார்.

சட்டத்தைப் பொறுத்தவரை ஐயத்துக்கே இடமில்லை. மெக்சிகோவின் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஸ்பானியர் வருகைக்கு முந்தைய தொல்பொருள்கள் நாட்டின் உடைமை. அவற்றை விற்கவோ வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லவோ கூடாது. எனவே அந்த நாய் அசலாக இருந்தால் நீங்கள் வாங்குவதே குற்றத்துக்குத் துணைபோவதாகும். போலியாக இருந்தால் கேட்கும் விலைக்குத் தகுதியற்றது. எப்படியிருந்தாலும் வாங்காதீர்கள்.

இதில் என்னை மிகவும் வருத்துவது சட்டச் சிக்கலன்று. இக்கல்லறைகளில் பெரும்பாலானவை அறிஞர்கள் காணுமுன்பே கொள்ளைபோயின. 1993-இல் ஹலிஸ்கோவின் உயிட்சிலாப்பாவில் தீண்டப்படாத கல்லறை ஒன்று கிடைத்தது. இரண்டு அறைகளில் ஆறு பேர் கிடந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஒரே குடும்பத்தினர் என்று எலும்புகள் காட்டின. எந்த உருவம் யாருக்கு அருகில், எந்தப் பொருள்களோடு வைக்கப்பட்டிருந்தது என்பதை அங்கே படிக்க முடிந்தது. கடை அலமாரிக்கு வந்துவிட்ட உருவம் எவருடைய தலைமாட்டில் இருந்தது என்பதை இனி எந்த ஆய்வும் மீட்டுத் தர இயலாது.

நினைவுப் பொருள் ஒன்று வேண்டுமென்றால், தேசிய மானுடவியல், வரலாற்று நிறுவனத்தின் அருங்காட்சியகக் கடைகளில் கிடைக்கும் அங்கீகரிக்கப்பட்ட நகல்களையோ, தற்காலக் கைவினைஞர் தம் பெயரிட்டு விற்கும் உருவங்களையோ வாங்குங்கள். நகல் என்று குறிப்பிட்ட ரசீதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையச் சோதனையில் அது உதவும். அசலைக் காண உங்கள் நகரின் வட்டார அருங்காட்சியகத்துக்கே செல்லலாம். மெக்சிகோ நகரம் சென்றால், ஓவியர் தியேகோ ரிவேராவின் சேகரிப்பைக் கொண்டு 1964-இல் திறக்கப்பட்ட அனாவகாயி அருங்காட்சியகத்தில் மேற்கு மெக்சிகோவின் சுடுமண் உருவங்களைக் காணத் தவறாதீர்கள்.