பழங்குடியினரும் எதிர்ப்பாற்றல் மரபணுக்களும்

கேள்வி: ஐரோப்பியர் வருகைக்குப்பின் அமெரிக்கப் பழங்குடியினர் பெரியம்மையால் கொத்துக்கொத்தாக மடிந்ததற்கு அவர்களின் எதிர்ப்பாற்றல் குறைவே காரணம் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: அப்படிச் சொல்வது அநியாயம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகப் பகுதியில் வாழும் சிம்ஷியன் மக்களின் ஒத்துழைப்போடு நடந்து 2016இல் வெளியான ஆய்வு, 1,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த 25 மூதாதையரின் மரபணுக்களை இன்றைய 25 பேருடையவற்றோடு ஒப்பிட்டது. கிருமியின் புரதத் துணுக்குகளை உயிரணுவின் மேற்பரப்பில் ஏந்தி டி அணுக்கள் எனப்படும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களுக்குக் காட்டும் எச்.எல்.ஏ. மரபணுக் குடும்பத்தில், டி.க்யூ.ஏ.1 என்னும் மரபணுவின் ஒரு வடிவம் அந்த மூதாதையரில் ஏறத்தாழ அனைவரிடமும் இருந்தது. இன்றைய சந்ததியரிடம் அதன் விகிதம் 36 சதவீதமே. அதாவது, மூதாதையரின் எதிர்ப்பாற்றல் குறைபட்டதன்று. உள்ளூர்க் கிருமிகளுக்கு ஏற்ப இயற்கைத் தேர்வு பல்லாயிரம் ஆண்டுகளாகச் செதுக்கியது அது. புதிய கிருமிகள் வந்தபோது அதே வடிவம் பாதகமாகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

எச்.எல்.ஏ. வடிவங்கள் பலவாக இருந்தால்தான், ஒருவர் உடலுக்குத் தப்பும் கிருமி இன்னொருவர் உடலில் பிடிபடும். பழங்காலத்தில் சிறு கூட்டமாக அமெரிக்கக் கண்டத்தில் குடியேறியவர்களின் வழிவந்த பழங்குடியினரிடம் இப்பன்மை குறைந்திருப்பது இயல்பே.

ஆனால் மரபணுவின் மீது மட்டும் பழியைப் போட்டுவிடக் கூடாது. 1862இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்டோரியா நகரில் பெரியம்மை பரவியபோது, அங்கே முகாமிட்டிருந்த வடபகுதிப் பழங்குடியினரை அதிகாரிகள் வெளியேற்றினர். அவர்கள் ஊர் திரும்பிய படகுகளோடு நோயும் கடற்கரை நெடுகப் பரவியது. இத்தனைக்கும் பெரியம்மைக்கான தடுப்பூசி அப்போதே வழக்கில் இருந்தது.