தறிக்காரரும் கப்பல்காரரும்

வணக்கம் ஐயா,

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். பெயர் போட வேண்டாம். என் மாமனாருக்கு 74 வயது. மில்லில் 35 வருஷம் தறி ஓட்டியவர். அத்தை தவறி ஆறு வருஷம் ஆகிறது. மாமாவுக்குக் காது மந்தம், வீட்டில் யாரோடும் அதிகம் பேசமாட்டார். ஒன்றரை வருஷமாக அவருக்கு ஒரு புதுச் சிநேகிதர். பிரெஞ்சுக்காரர், பிரித்தனிப் பக்கம் லோரியான் ஊர். கப்பலில் என்ஜின் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அடுத்த தெருவில் மாடி வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார். கோடைக்கு மட்டும் நாலு மாதம் ஊருக்குப் போய்வருவார். அவருக்கும் காது கேட்காது. மாமாவுக்கு பிரெஞ்சு தெரியாது. அவருக்குத் தமிழில் டீ, போதும், நாளைக்கு என்று மூன்று சொல்தான். ஆனாலும் தினமும் காலையில் வைத்திக்குப்பம் கடற்கரையில் இரண்டு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருநாள் மாமா நூலில் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். அவர் கயிற்றில் ஒன்று போட்டுக் காட்டினார். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கப்பல்காரர்கள் உலகம் சுற்றியவர்கள், யாரோடும் சுலபமாகப் பழகிவிடுவார்கள். மாமா அப்படியில்லை. போன மாதம் இருவரும் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்குப் போனதைப் பார்த்துவிட்டு, பேரனை பிரான்ஸுக்கு அனுப்ப வெள்ளைக்காரரைப் பிடித்திருக்கிறார் என்று தெருவில் பேசுகிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பேச்சே இல்லாத இது நட்புதானா என்றும் தோன்றுகிறது. மாமாவுக்குக் காது கருவி வாங்கிக் கொடுத்து, அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு வகுப்பில் சேர்த்துவிடலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையில் ஒரு பழைய சி.டி.சி. திறந்து கிடந்தது. கப்பல் தொழிலாளி எங்கே போனாலும் கையோடு வைத்திருக்கும் பதிவுப் புத்தகம் அது. என் சித்தப்பாவுடையது. கடலூர் முதுநகர் வீட்டில் பரணைக் காலி செய்தபோது கிடைத்தது. பத்து நாளாக அதையே புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்த முடிச்சு. தறி ஓடிக்கொண்டிருக்கும்போது பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த இரண்டு முனைகளையும் பிடித்துப் பிணைக்க வேண்டும். முடிச்சு பெரிதாக இருந்தால் இழைகள் நுழைந்து போகிற விழுதிலும் அச்சிலும் மாட்டி மறுபடி அறுந்துபோகும். அதனால் மில்லில் ஒரு குறிப்பிட்ட முடிச்சைத்தான் போடுவார்கள். ஒரு முனையை மடித்து வளையமாக்கி, மற்றதை அதற்குள் கீழிருந்து மேலே விட்டு, வளையத்தின் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, தன் இழைக்கு அடியிலேயே செருகி இழுப்பது. எழுதும்போது இத்தனை நீளம், தறிக்காரர் விரலில் ஒரு நொடி. கப்பலில் இரண்டு கயிறுகளை இணைக்க, அதிலும் ஒன்று தடியாகவும் மற்றது மெல்லியதாகவும் இருந்தால், போடுகிற முடிச்சு ஒன்று உண்டு. ஷீட் பெண்ட் என்பார்கள். அதுவும் இதுவும் அமைப்பில் ஒன்றேதான். போடுகிற விதம்தான் வேறு. பிரெஞ்சிலேயே இதற்கு நெசவாளி முடிச்சு என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்த மனிதர் சிறு வயதிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே கயிற்றில் போட்டிருப்பார். ஒரு நெசவாளி நூலில் போட்டு முதல் தடவையாகப் பார்த்தது வைத்திக்குப்பத்து மணலில்தானோ என்னவோ. அவர் சிரிக்காமல் என்ன செய்வார்?

உங்கள் ஊர்த் தறிக்கும் பிரெஞ்சுக் கப்பலுக்கும் பழக்கம் நேற்று வந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணி கப்பல் ஏறி செனகல் வரை போனது. கினே என்று அதற்குப் பெயர். அந்தக் கரையில் வேல மரத்துப் பிசின் வாங்க அந்தத் துணியைத்தான் காசுபோலக் கொடுத்தார்கள். உங்கள் மாமாவின் சிநேகிதர் பிறந்த லோரியானே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1666இல் எழும்பிய துறைமுகம்தான். அந்தப் பெயருக்கே கிழக்கு என்று அர்த்தம்.

சரி, காது. இருவருக்கும் காது கேட்காது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அந்த வரியில்தான் இருக்கிறது. தறிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. கப்பலின் என்ஜின் அறையும் அப்படித்தான். இந்த இரண்டு இடத்திலும் வேலை செய்தவர்கள் முப்பது வருஷம் கையாலும் உதட்டாலும் புருவத்தாலும்தான் பேசியிருக்கிறார்கள். 'தண்ணி குடிச்சிட்டு வரேன்', 'மேஸ்திரி வர்றாரு', 'ஜாக்கிரதை' எல்லாம் கைதான். வீட்டுக்கு வந்தால் நாம் முதுகைக் காட்டிக்கொண்டு சமையலறையிலிருந்து பேசுகிறோம். அவர்களுக்கு எப்படிப் புரியும்? அந்தக் கடற்கரையில்தான் உங்கள் மாமாவுக்கு முகம் பார்த்துப் பேச ஓர் ஆள் கிடைத்திருக்கிறார். பேச்சே இல்லாத நட்பு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருஷமாகப் பேச்சு இல்லாமல் இருந்தது உங்கள் வீட்டில், அம்மா.

தெருப் பேச்சை விட்டுத்தள்ளுங்கள். வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சு ஓய்வூதியக்காரர்கள், தான் இன்னும் உயிரோடு இருப்பதாக வருஷத்துக்கு ஒருமுறை சான்று அனுப்பியாக வேண்டும். அதற்குத்தான் போயிருப்பார்கள். உயிரோடு இருக்கிறேன் என்று காட்டப் போகிற மனிதருக்குத் துணையாக ஒருவர் போனதில் நீங்கள் கூசுவதற்கு என்ன இருக்கிறது? 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, எந்த நாட்டுக் குடியுரிமை என்று முடிவு செய்ய ஆறு மாதம் கொடுத்தார்களே, அன்றிலிருந்து உங்கள் ஊரில் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர், வீட்டுக்கு பிரான்ஸிலிருந்து பென்ஷன் வருகிறது, பக்கத்து வீட்டில் அதைப் பார்த்துப் பெருமூச்சு வருகிறது. அந்தப் பெருமூச்சு விடுகிறவர்கள் எதைப் பார்த்தாலும் விசாவாகத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை. கப்பல்காரர்கள் உலகம் சுற்றியவர்கள், யாரோடும் சுலபமாகப் பழகிவிடுவார்கள் என்கிறீர்கள். இது தப்பு. ஊரே இதைத்தான் சொல்கிறது, ஊரே தப்பாகச் சொல்கிறது. இந்த ஒரு நினைப்பால்தான் ஓய்வு பெற்ற கப்பல்காரர்களைத் தனியாக விட்டுவிடுகிறோம்.

என் சித்தப்பா கப்பலின் என்ஜின் அறையில் துடைக்கிற வைப்பராகச் சேர்ந்து, எண்ணெய் போடுகிற ஆயிலராகி, கடைசியில் பழுது பார்க்கிற பிட்டராக இறங்கியவர். அவருடைய சி.டி.சி.யில் 19 கப்பல்கள். ஒவ்வொன்றுக்கும் ஏறிய ஊர், ஏறிய தேதி, இறங்கிய ஊர், இறங்கிய தேதி. வேலையும் நடத்தையும் 'மிக நன்று' என்று முத்திரை. 19 முத்திரையும் தெளிவாக இருக்கின்றன. அதில் கூட வேலை செய்த ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை. பதிவுப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை, சரி. அவர் வாயிலும் வந்ததில்லை. ஏனென்றால் கப்பலில் ஆளுக்குப் பெயர் கிடையாது. போசன், குக், செகண்ட், பம்ப்மேன் என்று பதவிதான் பெயர். ஒப்பந்தம் முடிந்தவர் ஏதோ ஒரு துறைமுகத்தில் பெட்டியோடு இறங்குவார், அதே ஏணியில் இன்னொரு போசன் ஏறுவார். ஒன்பது மாதம் ஒரே மேசையில் சாப்பிட்டவரை அப்புறம் வாழ்நாளில் பார்க்கவே மாட்டார்கள். நம் ஊரில் ரயில் சிநேகம் என்போமே, அதையே மாதக்கணக்கில் இழுத்துப் பாருங்கள். இப்படிப் பத்தொன்பது தடவை நடந்த மனிதருக்குப் பழகுவது சுலபமாகிவிடுமா? பழகவே கூடாது என்றுதான் மனசு கற்றுக்கொள்ளும்.

உலகம் சுற்றினாரா? ராட்டர்டாம் என்றால் அவருக்கு ஒரு கிரேன், ஒரு கம்பிவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு டெலிபோன் பூத். அவ்வளவுதான். கடலூரையே அவர் அப்படிப் பார்த்திருக்கிறார். எங்கள் துறைமுகத்தில் அப்போது பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், படகுகள்தான் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். ஒருமுறை அவர் வேலை பார்த்த கப்பலே உரம் ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்ததால் நாலு நாளும் அவரை இறங்க விடவில்லை. தளத்தில் நின்றால் முதுநகர் தெரிந்தது என்று மட்டும் பின்னால் சொன்னார். கப்பல்காரனுக்கு எதுவும் நேரத்துக்கு வந்து சேராது. அவருடைய அம்மா, அதாவது என் ஆயா, இறந்த செய்தி அவருக்கு 23 நாள் கழித்துத்தான் கிடைத்தது. நீங்கள் சொல்கிற அலியான்ஸ் பிரான்சேஸ் இருப்பது சுஃப்ரேன் வீதியில்தானே? அந்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் 1783 ஜூன் 20இல் எங்கள் கடலூருக்கு எதிரே ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதினார். ஐரோப்பாவில் இரண்டு நாடுகளும் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தன. செய்தி வந்து சேரவில்லை. இரண்டு பக்கமும் மாலுமிகள் செத்தார்கள். அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாலுமிகள் ஞாபகம்தான் வரும்.

சித்தப்பா 1996இல் நிரந்தரமாகக் கரைக்கு வந்தார். லீவில் வரும்போது டார்ச் லைட்டும் டேப் ரெக்கார்டரும் பார்க்க வந்து குவிந்த கூட்டம் இந்தத் தடவை வரவில்லை. மாதப் பென்ஷன் கிடையாது, வருங்கால வைப்பு நிதியிலிருந்து மொத்தமாக ஒரு தொகை, அவ்வளவுதான். பிரெஞ்சு மாலுமிக்கு ஓய்வூதியம் என்கிற ஏற்பாடு பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் காலத்தில், 1670களிலேயே தொடங்கிவிட்டது என்று படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. இரவு பதினொன்றே முக்காலுக்கு எழுந்துவிடுவார். பன்னிரண்டிலிருந்து நாலு வரை கப்பலில் அவருடைய வாட்ச், அதாவது வேலை முறை. சட்டையைப் போட்டுக்கொண்டு போய்த் தோட்டத்தில் நிற்பார். அம்மா கிரைண்டரில் மாவு அரைக்கும்போது பக்கத்தில் வந்து, மோட்டார்மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார்.

அப்புறம் ஒரு சிநேகிதர் கிடைத்தார். பின் தெருவில் மாவு மில் வைத்திருந்தவர். அவருக்கும் காது மந்தம். காலையில் போனால் சித்தப்பா மதியம் வரை அங்கேதான். பெல்ட் மாட்டிக் கொடுப்பார், பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பார், சாக்கு மூட்டையில் சாய்ந்து தூங்குவார். ராத்திரி வராத தூக்கம் அந்தச் சத்தத்தில் வந்தது. வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. "உலகம் சுத்துன மனுஷன் மிளகாப்பொடி நெடியில போய் உக்காந்திருக்காரே" என்று அப்பாவுக்கு அவமானம். என்னைத்தான் அனுப்பினார்கள். நான் போய், சித்தப்பா கண்முன்னாலேயே அந்த மில்காரரிடம், "அவரை இனிமே இங்க உக்கார வைக்காதீங்க" என்று சொன்னேன். கத்திச் சொன்னேன், அவருக்குக் கேட்க வேண்டுமே என்று. இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மில்காரர் கையை உயர்த்தி, போங்கள் என்பதுபோல சித்தப்பாவுக்கு ஒரு சைகை செய்தார். சித்தப்பா எழுந்து கைலியைத் தட்டிவிட்டுக்கொண்டு என்கூட வந்துவிட்டார். அதற்குப் பிறகு இருந்த நாலு வருஷமும் திண்ணையை விட்டு அவர் எங்கும் போகவில்லை.

நீங்கள் கூச்சம் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இதுதான். அதே கூச்சத்தோடுதான் நானும் அந்த மாவு மில்லுக்குப் போனேன்.

உங்கள் கேள்வி. கருவி வாங்கிக் கொடுங்கள். ஜிப்மரில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டிப் பரிசோதித்துவிட்டு வாங்குங்கள், கடையில் போய் அப்படியே வாங்காதீர்கள். சத்தத்தில் கெட்ட காது திரும்பாது. கருவி ஒலியைப் பெரிதாக்கும், ஆனால் ச, ஸ போன்ற கூர்மையான ஒலிகள் கலங்கித்தான் கேட்கும். அதனால் கருவி வந்த பிறகும் அவர் முகத்துக்கு நேரே நின்று பேசுங்கள். கடற்கரைக்குப் போகும்போது அவர் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனால், ஏன் என்று கேட்காதீர்கள். வகுப்பு வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். கேட்டீர்களா இதுவரை? கடிதத்தில் காணோம்.

கோடையில் அந்த சிநேகிதர் இல்லாத நாலு மாதம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அப்போது ஒரு நூல் துண்டை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போய் அந்த முடிச்சைக் கற்றுக் கொடுக்கச் சொல்லுங்கள். தறிக்காரர் கை வேகத்தில் முதல் தடவை உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மெதுவாகப் போடச் சொல்லுங்கள். கையாலேயே சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.