சூடானால் நின்றுபோகும் பழைய புல்லட்

கேள்வி: அண்ணே, 1980களில் வந்த புல்லட் 350 ஒன்றைப் போன மாதம் வாங்கினேன். புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும். ஆண்டிபட்டி தாண்டிக் கணவாய் ஏறும்போது நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். ஹெட்லைட் போட்டால் பேட்டரி இறங்குகிறது. ஆயில் குறைந்திருக்கிறதே என்று ஊற்றினால் பிரீதர் குழாயில் (இன்ஜின் உள்ளிருக்கும் காற்று வெளியேறும் குழாய்) கக்குகிறது. இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார்கள். பிரிக்கலாமா?
– வாசகர், தேனி

பதில்: பிரிக்க வேண்டாம் தம்பி. நீங்கள் சொன்னதில் இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டிய காரணம் ஒன்றுகூட இல்லை.

அடுத்த முறை நின்ற இடத்திலேயே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்றை இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்திவிட்டால் போதும். அப்படி இல்லையென்றால் மூடியை இறுகப் போட்டுவிட்டு, பாயின்ட் (பிளக்கில் பொறி வரவைக்க மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கும் சுவிட்ச்) மூடியைக் கழற்றிக் கிக்கரை மிதியுங்கள். பாயின்டில் பெரிதாகப் பொறி பறந்தால் கண்டன்சர்தான் குற்றவாளி. பாயின்ட் திறக்கும் நொடியில் வரும் மின்சாரத்தை அது வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே மின்காப்பு பழுதானால், சூடேறியதும் வேலையை விட்டுவிடும். பிளக்கில் பொறி செத்துப்போகும். ஆறியதும் மறுபடி பிழைக்கும். உங்கள் வண்டி செய்வது அச்சு அசலாக இதுதான். கண்டன்சரைப் புதிதாக மாற்றி, பாயின்ட் முகத்தைத் தேய்த்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் அடுத்து, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலைப் பாருங்கள்.

பேட்டரிக்கு வருவோம். ஹெட்லைட் மேலே இருக்கும் ஆம்ப் மீட்டரை (பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று காட்டும் முள்) அலங்காரம் என்று நினைக்காதீர்கள். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும், திறந்தால் நடுவுக்கு வரும். இன்ஜின் ஓடும்போது, லைட்டை அணைத்துச் சற்று ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் சார்ஜ் பக்கம் போக வேண்டும். போகாவிட்டால் உடனே புது வயரிங் கிட் வாங்கிவிடாதீர்கள். எனக்குச் சந்தேகம் அந்தப் புதுப் பெயின்ட் மேல்தான். எர்த் வயரும் ரெக்டிஃபயரும் (பேட்டரி ஏற்கும்படி மின்சாரத்தை மாற்றித் தரும் பாகம்) வண்டியின் சட்டமான சேசிஸைத் தொடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு தெரிய வைத்து முடுக்குங்கள். ஆம்ப் மீட்டரின் பின்பக்க நட்டுகளையும் பாருங்கள். பல்பு, காயில், பேட்டரி மூன்றும் ஒரே வோல்ட்தானா? 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் சாமானைக் கலந்து மாட்டி விற்பதுண்டு.

ஆயில் எங்கேயும் போகவில்லை. வண்டி பல நாள் நின்றால் ஆயில் டேங்கிலிருந்து ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து, இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் இறங்கிவிடும். அதன்மேல் நீங்கள் ஊற்றியது அதிகப்படி. கக்காமல் என்ன செய்யும்? சில நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் குச்சியில் அளவு பாருங்கள். ஒரே ராத்திரியில் இறங்கினால் மட்டும் பம்பைக் கவனிக்கச் சொல்லுங்கள்.