ஓக் மரத்தில் ஒரு பகல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் நடந்த வூஸ்டர் சண்டை பற்றிய உங்கள் கட்டுரையில், தோற்று ஓடிய அரசர் இரண்டாம் சார்லஸ் ஒரு மரத்தில் ஒளிந்திருந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவருடன் இருந்த வீரர் யார்? அப்படி உயிரைப் பணயம் வைத்தது வெறும் அரச பக்திதானா?

கே.

அன்புள்ள கே.,

அவர் வில்லியம் கேர்லெஸ். 1651 செப்டம்பர் 3 அன்று நாடாளுமன்றப் படைத் தலைவர் குரோம்வெல்லிடம் அரசரின் படை சிதறியபோது களத்தைவிட்டுக் கடைசியாக வெளியேறியவர்களில் ஒருவர். தன் ஊர்ப்பக்கத்திலிருந்த பாஸ்கோபெல் பண்ணைவீட்டுக்குத் தப்பி வந்தார். 21 வயது சார்லஸும் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தார்.

வீட்டில் இருந்தால் சோதனை போடுவார்கள். சரி, காட்டுக்குள் போகலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். தேடுகிறவனுக்கும் அதுவே தோன்றும் என்று கேர்லெஸ் கணக்குப் போட்டார். சற்று வெட்டவெளியில் நின்ற ஒரு பெரிய ஓக் மரத்தைச் சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன் கிளை கழிக்கப்பட்டு, மறுபடி புதர்போலத் தழைத்த மரம். ரொட்டி, பாலாடைக்கட்டி, பீருடன் இருவரும் ஏறிக்கொண்டார்கள். காட்டுக்குள் சிப்பாய்கள் தேடி அலைந்ததை மேலிருந்தே பார்த்ததாக, 1680-ல் நாட்குறிப்புக்குப் பேர்போன சாமுவேல் பீப்ஸிடம் சார்லஸே சொல்லி எழுதவைத்திருக்கிறார். அரச பக்தி நிறையப் பேருக்கு இருந்தது. இந்த நிதானம்தான் அன்று அவரைக் காப்பாற்றியது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேர்லெஸ் கத்தோலிக்கர். அந்தப் பண்ணையில் அடைக்கலம் தந்த பெண்டரல் சகோதரர்கள் ஐவரும் அப்படியே. அன்றைய இங்கிலாந்தில் அவர்கள் வழிபாடே குற்றம். பாதிரியார்களை மறைக்க வீட்டுக்குள்ளேயே பொந்துகள் கட்டி வைத்திருந்தார்கள். அன்றிரவு சார்லஸ் ஒடுங்கிப் படுத்ததும் அப்படியொரு பொந்தில்தான். அவர்களை ஒடுக்கிய சட்டங்கள் சார்லஸின் தாத்தா முதலாம் ஜேம்ஸ் ஆட்சியில் இன்னும் கடுமையானவை! அரசாங்கத்துக்குப் பயந்து ஒளியக் கற்றுக்கொண்ட குடும்பங்களே அரசரை ஒளித்தன. சார்லஸின் தலைக்கு 1000 பவுண்டு பரிசு என்று அறிவித்தும், ஏழை பெண்டரல்களில் ஒருவர்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு மரத்தைவிட இதுதான் பெரிய விஷயம்.

அக்டோபரில் சார்லஸ் தென் இங்கிலாந்தின் ஷோர்ஹாம் துறைமுகத்திலிருந்து பிரான்சுக்குக் கப்பலேறினார். அப்புறம், நாடுகடந்து வாழ்ந்தபோதே கேர்லெஸுக்குக் கார்லோஸ் என்ற பெயரையும், ஓக் மரம் பொறித்த குலச்சின்னத்தையும் கொடுத்தார். 1660-ல் அரியணை ஏறியபின் பெண்டரல் குடும்பத்துக்கு ஓய்வூதியம் ஏற்படுத்தினார். அது அவர்கள் சந்ததியினருக்கு இந்த நூற்றாண்டிலும் போய்ச் சேர்ந்திருக்கிறது.