வெள்ளிக்கு நிறம் கொடுக்கும் டி.என்.ஏ.

கேள்வி (வாசகி, மேற்கு மாம்பலம்): தரமணியில் ஆராய்ச்சி செய்யும் என் மகள், வெள்ளியை டி.என்.ஏ.வோடு சேர்த்தால் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிரும் என்கிறாள். கொலுசும் குங்குமச்சிமிழும் வெள்ளிதானே, அவை ஏன் ஒளிர்வதில்லை?

பதில்: கொலுசில் கோடானுகோடி வெள்ளி அணுக்கள் இருக்கின்றன, அம்மா. உங்கள் மகள் கையாளும் ஒரு கொத்தில் பத்து முதல் முப்பது அணுக்கள்தான் இருக்கும். வித்தியாசம் இங்கேதான். பறங்கிமலைக்கு வண்டியில் போனால் சாலையில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். படியேறினால் படிகளில்தான் நிற்க முடியும். கொலுசில் இருக்கும் எலக்ட்ரானுக்கு ஆற்றல் அந்தச் சாலை, சின்னக் கொத்தில் இருப்பதற்கு அந்தப் படிக்கட்டு. மேல்படிக்குப் போன எலக்ட்ரான் கீழே இறங்கும்போது அந்த இடைவெளிக்கான ஆற்றல் ஒளியாக வருகிறது. இடைவெளி பெரிதென்றால் பச்சை, சிறிதென்றால் சிவப்பு.

சரி, டி.என்.ஏ. எதற்கு? வெள்ளி அணுக்களைத் தனியே விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். டி.என்.ஏ. இழை சுற்றிப் பிடித்து அதைத் தடுக்கிறது. அதன் நான்கு காரங்களில் (இழையில் வரிசையாக வரும் வேதி எழுத்துகள்) சைட்டோசினுக்குத்தான் வெள்ளி அயனிமேல், அதாவது மின்னூட்டம் கொண்ட வெள்ளி அணுமேல், பிடிப்பு அதிகம். குவானினும் பிடிக்கும், தைமின் அவ்வளவாக ஒட்டாது. இழையை வெள்ளி நைட்ரேட்டோடு கலந்து சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்தால், அயனிகளில் ஒரு பகுதி உலோக அணுக்களாகிக் கொத்து உருவாகிறது. 2004இல் வேதியியலாளர்கள் ஜெஃப்ரி பெட்டி, அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டிக்சன் ஆகியோரின் குழு இதை முதலில் செய்துகாட்டியபோது எடுத்துக்கொண்டது 12 காரங்கள் மட்டுமே கொண்ட இழை.

என்னை மிகவும் கவர்ந்தது அதற்கு அடுத்த செய்தி. அதே வெள்ளி, அதே தண்ணீர். இழையின் கார வரிசையை மாற்றினால் நிறம் மாறிவிடுகிறது, நீலத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வரை. இழை மாறும்போது, அது பிடித்துவைக்கும் அணுக்களின் எண்ணிக்கையும் கொத்தின் வடிவமும் மாறுவதுதான் காரணம். 2019இல் வெளியான ஒரு படிக அமைப்பில், பத்துக் காரங்கள் கொண்ட இரண்டு இழைகள் 16 வெள்ளி அணுக்களைப் பொதிந்து வைத்திருப்பதை அணு அணுவாகப் பார்க்க முடிந்தது. கண்ணுக்கும் கைக்கும் எட்டாத ஒன்றின் முகத்தைப் பார்த்தது போல எனக்கு அன்று அவ்வளவு மகிழ்ச்சி.

பயனும் உண்டு. ஒளிராத ஒரு கொத்தின் அருகே குவானின் நிறைந்த இழை வந்தால், அதன் ஒளிர்வு சில சமயம் 500 மடங்கு வரை கூடும். இதை வைத்து, தேடுகிற மரபணு, சோதிக்கும் மாதிரியில் இருந்தால் மட்டும் ஒளிரும்படி சோதனை அமைக்கலாம்.

கேள்வி (மாணவர், குரோம்பேட்டை): டி.என்.ஏ. வெள்ளிக் கொத்தை நானும் செய்து பார்த்தேன். கரைசல் மஞ்சளாகிறது, ஒளிரவே இல்லை. ஏன்?

பதில்: தம்பி, மஞ்சள் வந்தால் பெரும்பாலும் கொத்து கைமீறிப் பெரிய துகளாகிவிட்டது என்று அர்த்தம். ஒளி உறிஞ்சல் நிறமாலையில் 400 நானோமீட்டர் பக்கம் அகலமான உச்சி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வெள்ளி அதிகமாகியிருக்கலாம். இரண்டு காரத்துக்கு ஓர் அயனி என்ற அளவில் தொடங்குங்கள். போரோஹைட்ரைடும் வெள்ளியின் அளவைத் தாண்ட வேண்டாம்.

அடுத்து, பி.எச். மாறாமல் காக்க எந்தத் தாங்கல் கரைசல் பயன்படுத்தினீர்கள்? பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்புக் கரைசல்) என்றால் அதில் சாப்பாட்டு உப்பு இருக்கிறது. குளோரைடைக் கண்டால் வெள்ளி என்ன செய்யும் என்று பிளஸ் டூவில் உப்புப் பகுப்பாய்வு செய்தபோதே பார்த்திருப்பீர்கள்: தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு. ஆண்டுக்கணக்கில் அந்தச் சோதனையை நடத்தியவள் என்பதால் சொல்கிறேன், பி.எச். சரிசெய்ய ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அதே வேலையைத்தான் செய்யும். அம்மோனியம் அசிட்டேட்டுக்கு மாறுங்கள், குழாய்த் தண்ணீர் பக்கமே போகாதீர்கள்.

போரோஹைட்ரைடு ஈரத்தை இழுக்கும். நம் ஊர் ஐப்பசி மழையில் புட்டியைத் திறந்து வைத்தால் பொடி கட்டிதட்டி வீரியம் போய்விடும். குளிர்ந்த நீரில் கரைத்து உடனே ஊற்றி, நன்றாகக் குலுக்கி, இருட்டில் குளிரில் இரவு முழுக்க விடுங்கள். அப்புறம் 254 நானோமீட்டர் புறஊதா விளக்கில் பாருங்கள். டி.என்.ஏ. காரங்களே அந்த ஒளியை வாங்கிக் கொத்துக்குக் கொடுப்பதால் எந்த நிறக் கொத்தானாலும் ஒளிரும். குவார்ட்ஸ் குழாய் வேண்டும், சாதாரணக் கண்ணாடி அந்த ஒளியை மறைக்கும். கண்ணுக்குக் கவசம் போடாமல் விளக்கைப் போடாதீர்கள்.

கேள்வி (வாசகர், சவுகார்பேட்டை): 'நானோ வெள்ளித் தண்ணீர்' என்று பாட்டிலில் விற்கிறார்கள். குடிக்கலாமா?

பதில்: குடிக்காதீர்கள், ஐயா. ஆய்வகக் கொத்துக்கும் அந்தப் பாட்டிலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தொடர்ந்து குடித்தால் வெள்ளி தோலில் படிந்து உடம்பு சாம்பல் நீலமாகலாம்; அந்த நிறம் பெரும்பாலும் போகாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999லேயே, கடைகளில் விற்கும் கூழ்ம வெள்ளி (நீரில் மிதக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்கள்) மருந்துகளைப் பாதுகாப்பானவையாகவோ பலன் தருபவையாகவோ ஏற்க முடியாது என்று அறிவித்துவிட்டது. நம் சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியலாளர் டி. பிரதீப் குழு தண்ணீரிலுள்ள பூச்சிக்கொல்லியை நீக்க வெள்ளி நானோதுகள்களைப் பயன்படுத்தியது உண்மை. ஆனால் அங்கே வெள்ளி வடிகட்டியில் தங்கி வேலை செய்வது, வயிற்றுக்குப் போவதற்கானது அல்ல. உங்கள் வீட்டில் யாராவது ஏற்கெனவே குடித்து வந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.