ஆற்றோரம் நிதானமாக

கேள்வி: சிங்கப்பூரில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வயது 60. நிதானமாகச் சைக்கிள் ஓட்ட ஒரு பாதை சொல்லுங்களேன். சுங்கை பூலோ சதுப்புநிலத்திலும் ஓட்டலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் தொடங்குங்கள் அம்மா. காலாங் ஆறு அங்கே முன்பு வெறும் கான்கிரீட் கால்வாய். அதை உடைத்து, புல்லும் பாறையுமாக வளைந்தோடும் ஆறாக்கி 2012-இல் திறந்தார்கள். நீர்நாய்க் குடும்பம் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். குட்டிகள் இருந்தால் கிட்டே போக வேண்டாம். மழை பிடித்தால் தண்ணீர் சட்டென்று ஏறும், உடனே மேட்டுக்கு வந்துவிடுங்கள். அப்புறம் கரையோடு தெற்கே காலாங் பக்கம் போகலாம். சைக்கிள் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கி.மீ.; எனக்கு 12-ஏ அதிகம்! சுங்கை பூலோவுக்குள் சைக்கிள் கூடாது. வெளியே பூட்டிவிட்டு நடங்கள். அங்கே வலசைப் பறவைகளைப் பார்க்கச் செப்டம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம்.