அஹிம்சைப் பட்டா? பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்

கேள்வி: கல்யாணத்துக்குப் புழுவைக் கொல்லாத பட்டுதான் வேண்டும் என்கிறாள் மகள். ஒரு கடையில் ‘கிராமத்து நெசவாளர் நெய்த அஹிம்சைப் பட்டு’ என்று காட்டினார்கள். சில்க் மார்க்கும் இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: சில்க் மார்க்கை வைத்து நம்பாதீர்கள். இது அசல் பட்டு என்பதற்கு மட்டும்தான் அது உத்தரவாதம். புழு பிழைத்ததா, வெந்ததா என்று அது சொல்லாது. 2004-இல் வந்த முத்திரை. இன்னும் அந்த ஒரு வரியைச் சேர்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

நெசவாளரின் பெயரும் சாட்சியாகாது. அவர் கைக்கு வருவது நூல்தான். புழு கட்டிய கூட்டுக்கு என்ன நடந்தது என்பது அவருக்கே தெரியாது. நடுவில் இருக்கும் வியாபாரிதான் அவர் படத்தைப் போட்டு விலையை ஏற்றுகிறார்.

புடவையைத் தடவிப் பாருங்கள். வழக்கமாகப் புழு உள்ளே இருக்கும்போதே கூட்டை ஆவியில் வைத்துவிடுவார்கள். அப்போதுதான் இழை அறாமல் நீளமாக வரும். பூச்சி துளைத்து வெளியேறிய கூட்டில் இழை துண்டுதுண்டாகிவிடும்; பஞ்சைப் போல நூற்கத்தான் வேண்டும். அந்த நூலில் மினுமினுப்பு குறைவு, விரலில் சிறு முடிச்சுகள் தட்டுப்படும். பளபளவென்று வழுக்கும் புடவையை அஹிம்சை என்றால் சந்தேகப்படுங்கள். பாவு (நீளவாட்டு இழை), ஊடை (குறுக்கு இழை) இரண்டுமே அப்படி நூற்ற நூலா என்று கேளுங்கள். ஊடையில் மட்டும் நூற்ற நூலைப் போட்டுவிட்டு முழுப் புடவைக்கும் அந்தப் பெயரை வைப்பவர்கள் உண்டு.

‘துளைத்த கூடு’ என்றாலும் விடாதீர்கள். பட்டுப்புழு முட்டை உற்பத்தி நிலையங்களிலிருந்தும் அப்படிப்பட்ட கூடு வரும். அங்கே முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து, பெப்ரின் நோய் இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கூட்டிலிருந்து தப்பியது, உரலில் போனது.

அடுத்து எரி பட்டு. எரி என்றாலே அஹிம்சை என்பார்கள். அசாமில் ஆமணக்கு இலை தின்று வளரும் இந்தப் புழு, கூட்டின் ஒரு முனையைத் திறந்தே கட்டும். பூச்சி வெளியே வர இழையை அறுக்க வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் வடகிழக்கில் பல சமூகங்களுக்குக் கூட்டுப்புழு நல்ல உணவு. பூச்சியாகும் முன்பே எடுத்துச் சமைத்துவிடுவார்கள். அது அவர்கள் சாப்பாடு, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்தக் கூட்டின் நூலை இங்கே கொண்டுவந்து அஹிம்சை என்று விற்பவரைத்தான் சொல்கிறேன். அதனால் எரியிலும் ‘பூச்சி தானாக வெளியேறிய கூடா?’ என்றே கேளுங்கள்.

சரி, பதில் திருப்தியாக இருந்தால் பில்லில் ‘பட்டுப் புடவை’ என்று மட்டும் போட விடாதீர்கள். ‘அஹிம்சைப் பட்டு, பாவும் ஊடையும்’ என்று எழுதி வாங்குங்கள். பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் கையில் இருக்கப்போவது அந்தப் பில்தான். எழுதித் தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.